குல்மார்க் பனிச்சறுக்கு: குடும்பத்தோடு போகிறவர்கள் கேட்கும் கேள்விகள்

காஷ்மீரின் குல்மார்க்குக்குப் பனிச்சறுக்குப் போக வேண்டும் என்று யாருக்காவது ஆசை வந்தால், எங்கள் உறவிலும் அலுவலகத்திலும் என்னைத்தான் கேட்கச் சொல்கிறார்கள். கேட்பவர்கள் வேறு வேறு; கேள்விகள் மட்டும் மாறுவதில்லை. அவற்றைக் கேட்ட விதத்திலேயே கீழே தொகுத்திருக்கிறேன். கட்டணத் தொகைகளை எழுதவில்லை. பருவத்துக்குப் பருவம் மாறுவதால், பழைய தொகையை நம்பிப் போகிறவர்கள் அங்கே போய்ச் சண்டைதான் போடுவார்கள்.

குல்மார்க் எவ்வளவு உயரம்? குளிர் ஊட்டி மாதிரி இருக்குமா?

பாரமுல்லா மாவட்டத்தில், பீர் பஞ்சால் மலைத்தொடரில், ஸ்ரீநகரிலிருந்து சுமார் 50 கி.மீ. தொலைவில் இருக்கிறது. ஊரின் உயரம் சுமார் 2,650 மீட்டர். நம் தொட்டபெட்டாவின் உச்சி 2,637 மீட்டர். உயரத்தைப் பார்த்தால் இரண்டும் ஒன்றுதான். ஆனால் ஊட்டி நிலநடுக்கோட்டுக்கு அருகில், 11 பாகைக்கு மேல் இருக்கிறது, குல்மார்க் 34 பாகையில் இருக்கிறது. ஊட்டியில் புல்மேல் படியும் உறைபனி வெயில் ஏறியதும் காணாமல் போய்விடும். குல்மார்க்கில் ஜனவரி இரவில் பூஜ்யத்துக்குக் கீழே பத்து டிகிரி வரை இறங்குவது சாதாரணம். பகலிலும் நிழலில் பனி அப்படியே கிடக்கும். ஊட்டிக்கு எடுத்துப்போன ஸ்வெட்டரை நம்பிக் கிளம்பாதீர்கள்.

அரையாண்டு விடுமுறையில் போகலாமா? எப்போது போனால் பனி நிச்சயம்?

நிச்சயம் என்று எந்தத் தேதியையும் சொல்ல முடியாது. காஷ்மீரிகள் டிசம்பர் 21 முதல் நாற்பது நாளைச் 'சில்லை கலான்' என்பார்கள். குளிர் உச்சத்தில் இருக்கும் காலம் அது. அதற்குப் பின் இருபது நாள் 'சில்லை குர்த்', கடைசிப் பத்து நாள் 'சில்லை பச்சா'. பனி சேர்ந்து, சரிவுகள் நிரம்பி, சறுக்கத் தோதாக இருப்பது பெரும்பாலும் ஜனவரி பிற்பகுதியிலிருந்து பிப்ரவரி இறுதி வரை. நம் அரையாண்டு விடுமுறை அந்தக் காலத்தின் வாசலிலேயே முடிந்துவிடுகிறது. கூட்டமும் விலையும் உச்சத்தில் இருக்கும்; பனி வந்தும் வராமலும் இருக்கும்.

பழைய கணக்கையும் இப்போது முழுதாக நம்ப முடியவில்லை. 2024 ஜனவரியில் மாதக் கடைசி வரை குல்மார்க் காய்ந்த புல்லாகக் கிடந்தது. 2025-இல் பிப்ரவரி இறுதியில் நடக்க வேண்டிய கேலோ இந்தியா குளிர்கால விளையாட்டுப் போட்டிகளையே பனி போதாமல் மார்ச்சுக்குத் தள்ளிவைத்தார்கள். என்னைக் கேட்டால், பிள்ளை பத்தாம் வகுப்பிலோ பன்னிரண்டாம் வகுப்பிலோ இல்லையென்றால், பிப்ரவரி முதல் பாதியில் ஒரு வாரம் பள்ளிக்கு விடுப்பு எழுதிக்கொடுத்துவிட்டுப் போவதே நல்லது. கோடை விடுமுறைக்குள் ஊர் மட்டத்தில் பனி உருகிவிடும். அப்போது பனியைப் பார்க்க மேலே ஏற வேண்டும், சறுக்கப் பழகுவது கஷ்டம்.

ஸ்ரீநகரிலிருந்து காலையில் போய் மாலையில் திரும்பலாம் என்று பயண முகவர் சொல்கிறார். போதாதா?

போட்டோவுக்குப் போதும். கணக்குப் போட்டுப் பாருங்கள். ஸ்ரீநகரிலிருந்து அடிவாரமான தங்மார்க் வரை வண்டி. அங்கிருந்து 13 கி.மீ. மலையேற்றம். பனி விழுந்திருந்தால் நான்கு சக்கர இயக்கமுள்ள வண்டியோ, டயரில் சங்கிலி கட்டிய வண்டியோதான் ஏற முடியும், ஆகவே பெரும்பாலும் தங்மார்க்கில் உள்ளூர் வண்டிக்கு மாற வேண்டும். பிறகு கோட்டு, பூட்ஸ் வாடகை, கேபிள் கார் வரிசை. இதெல்லாம் முடிந்து பனியில் நிற்கும்போது மதியம் ஆகியிருக்கும். மூன்று மணி தாண்டினால் ஓட்டுநர் மணி பார்க்க ஆரம்பித்துவிடுவார்.

சறுக்கக் கற்கிற எண்ணம் இருந்தால் குல்மார்க்கிலேயே மூன்று இரவு தங்குங்கள். ஸ்ரீநகரில் முன்னும் பின்னும் ஒவ்வோர் இரவு. திரும்பும் பக்கத்து இரவை எக்காரணம் கொண்டும் வெட்டாதீர்கள். ஏன் என்பது கடைசிக் கேள்வியில் இருக்கிறது.

வீட்டில் ஆறு பேர் போகிறோம். ஸ்கீ போடப்போவது இரண்டு பேர்தான். மற்றவர்கள் என்ன செய்வார்கள்?

எல்லோரும் முதலில் கேட்க வேண்டிய கேள்வி இதுதான். திட்டம் முழுவதையும் சறுக்கப்போகிற இருவரைச் சுற்றிப் போட்டுவிடுகிறார்கள். மற்ற நால்வர் குளிரில் இரண்டு மணி நேரம் நின்று வேடிக்கை பார்த்துவிட்டு, மூன்றாவது மணியில் முகத்தைத் தூக்கிவைத்துக்கொள்கிறார்கள். பயணத்தின் கணக்கைச் சறுக்காதவர்களிடமிருந்து தொடங்குங்கள். அறை, பழகும் சரிவுக்கு அருகில் இருக்க வேண்டும். அங்கே அவர்கள் வந்து பத்து நிமிடம் பார்க்கலாம், கை மரத்ததும் அறைக்குத் திரும்பலாம். இதற்காகக் கொஞ்சம் கூடுதல் வாடகை கொடுப்பது தகும்.

அவர்களுக்குச் செய்யவும் நிறைய இருக்கிறது. கேபிள் காரின் முதல் கட்டத்தில் கொங்டூரி வரை போய்வருவது ஒரு முற்பகல். 1902-இல் கட்டிய செயின்ட் மேரி தேவாலயம் வரை பனியில் நடப்பது இன்னொன்று. ஸ்லெட்ஜ் என்னும் மரச் சறுக்குவண்டியில் உட்காரவைத்து உள்ளூர்க்காரர்கள் இழுத்துப்போவார்கள். முழங்கால் வலியுள்ள பெரியவர்களுக்கு அது விளையாட்டல்ல, போக்குவரத்து. இதையெல்லாம் நாளுக்கு ஒன்றாகப் பிரித்துவையுங்கள். முதல் நாளே முடித்துவிட்டால் மறுநாள் பெரியவர்களுக்கு ஜன்னல்தான்.

எப்படிப் போவது? முழுக்க ரயிலிலேயே போக முடியுமா?

2025 ஜூனிலிருந்து முடியும். சென்னையிலிருந்தும் கன்னியாகுமரியிலிருந்தும் கட்ரா வரை நேரடி ரயில்கள் உண்டு. கட்ராவிலிருந்து ஸ்ரீநகருக்கு வந்தே பாரத் சுமார் மூன்று மணி நேரத்தில் போய்ச் சேர்கிறது. ஆற்றுக்கு மேல் 359 மீட்டர் உயரத்தில் நிற்கும் செனாப் பாலத்தை அந்த வழியில்தான் கடக்கிறீர்கள். ஆனால் வடக்கே ஜனவரி மூடுபனியில் ரயில்கள் மணிக்கணக்கில் தாமதமாகும், இணைப்பு ரயில் தவறும். சிறு பிள்ளைகளோடும் முதியவர்களோடும் போகிறவர்களுக்கு டெல்லி வழியாக விமானம்தான் சரி. டெல்லியில் இரண்டு விமானங்களுக்கும் நடுவே தாராளமாக நேரம் விடுங்கள்.

என்ன உடை? எல்லாவற்றையும் இங்கேயே வாங்க வேண்டுமா?

உடம்பை ஒட்டித் தெர்மல் உள்ளாடை, அதன்மேல் கம்பளி அல்லது ஃப்ளீஸ், எல்லாவற்றுக்கும் மேல் காற்றும் நீரும் புகாத மேலாடை. இந்த மூன்று அடுக்குகளும் இருந்தால் பெரிய கோட்டே தேவையில்லை. பருத்தி பனியனும் ஜீன்ஸும் பனியில் உதவாது. நனைந்தால் காயாது, உடம்பின் சூட்டையும் இழுத்துவிடும். வாங்க வேண்டியவை: தெர்மல், நீர்புகாத கையுறை இரண்டு ஜோடி, கம்பளிக் காலுறை, காதை மூடும் குல்லா. தாத்தாவின் மங்கி குல்லாவைக் கேலி செய்யாதீர்கள், அங்கே அவர்தான் சரியாக உடுத்தியிருப்பார். மேல்கோட்டும் முழங்கால் வரையிலான ரப்பர் பூட்ஸும் தங்மார்க்கில் வாடகைக்குக் கிடைக்கும். இருந்தாலும் குழந்தைகளுக்குக் காலணி அளவு கிடைப்பது சந்தேகம், வீட்டிலிருந்தே கொண்டுபோங்கள்.

நம்மவர்கள் தவறாமல் மறப்பது கறுப்புக் கண்ணாடியும் சன்ஸ்கிரீனும். புதிதாக விழுந்த பனி, மேலே படும் புற ஊதாக் கதிரில் எண்பது சதவீதம் வரை திருப்பி அடிக்கும். மேகமூட்டமாக இருக்கிறதே என்று விட்டால் மாலையில் கண் எரியும், மூக்கின் அடிப்பக்கம்கூடக் கருத்துவிடும்.

பிள்ளைக்கு எத்தனை வயதில் பழக்கலாம்? எனக்கு நாற்பத்தைந்து, நானும் கற்கலாமா?

ஐந்து வயதுக்கு மேல் சொன்னதைக் கேட்கிற பிள்ளை என்றால் தாராளமாக. நான்கு வயதுக் குழந்தைக்கு அரை மணியில் அலுத்துவிடும். அதற்கு ஸ்லெட்ஜும் பனி பொம்மையும் போதும். உங்களுக்கு வயது தடையில்லை. முழங்காலில் பழைய காயம் இருந்தால் மருத்துவரைக் கேட்டுக்கொள்ளுங்கள். பிள்ளைகள் விழுவதற்கு அஞ்சுவதில்லை, அதனால் உங்களைவிடச் சீக்கிரம் கற்றுக்கொள்வார்கள். அந்த அவமானத்துக்குத் தயாராகப் போங்கள்.

பனியையே பார்த்ததில்லை. ஒரே நாளில் சறுக்கக் கற்றுக்கொள்ள முடியுமா?

ஒரு நாளில் நிற்கவும் நிறுத்தவும் கற்றுக்கொள்ளலாம். மூன்றாம் நாள் சிறு சரிவில் இடமும் வலமும் திரும்பி இறங்குவீர்கள். மூன்று இரவு தங்கச் சொன்னது இதற்காகத்தான்.

முதல் சோதனை பூட்ஸ். ஸ்கீ பூட்ஸ் இரும்புபோல் கடினமாக இருக்கும், கணுக்காலை மடக்கவிடாது. உள்ளே ஒரே ஒரு காலுறைதான். இரண்டு போட்டால் இரத்த ஓட்டம் குறைந்து கால் இன்னும் விறைக்கும். பூட்ஸின் அடியில் ஒட்டிய பனியை ஊன்றுகோலால் தட்டிவிட்டு, முன்நுனியைப் பலகையின் பிடிக்குள் முதலில் நுழைத்து, குதிகாலை அழுத்தினால் 'டக்' என்று மாட்டிக்கொள்ளும். விரலளவு பனி ஒட்டியிருந்தாலும் மாட்டாது. பலகை பழுது என்று கடைக்காரரிடம் கத்துகிறவர்களில் பாதிப் பேர் இந்தப் பனியைத் தட்டாதவர்கள்தான். உங்கள் எடையையும் கடைக்காரரிடம் உண்மையாகச் சொல்லுங்கள். விழும்போது பலகை காலைவிட்டுக் கழல வேண்டும். அந்தப் பிடியின் இறுக்கத்தை எடையைக் கேட்டுத்தான் வைக்கிறார்கள். கூச்சப்பட்டுக் குறைத்துச் சொன்னால் நிற்கும்போதே கழலும், கூட்டிச் சொன்னால் விழும்போது கழலாமல் முழங்காலைத் திருகிவிடும்.

பிறகு பயிற்சியாளர் சொல்லும் முதல் பாடம்: பலகைகளின் முன்நுனிகளைச் சேர்த்து, பின்பக்கத்தை அகட்டி, உட்புற விளிம்புகளை அழுத்துவது. அதுதான் பிரேக். பயத்தில் உடம்பைப் பின்னால் சாய்த்தால் வேகம் கூடும். முன்னால் சாய்ந்து, முழங்காலுக்குக் கீழே உள்ள முன்னெலும்பு பூட்ஸில் அழுந்த நின்றால் பலகை கட்டுப்படும். விழத்தான் போகிறீர்கள். பக்கவாட்டில், மலைப்பக்கமாக விழுங்கள். எழும்போது பலகைகள் சரிவுக்குக் குறுக்கே இருக்க வேண்டும், இல்லையென்றால் எழுந்த கையோடு மறுபடி கிளம்பிவிடுவீர்கள்.

முறையாகக் கற்க விரும்புகிற கல்லூரி வயதுப் பிள்ளைகளுக்கு, மத்திய அரசின் இந்தியப் பனிச்சறுக்கு மற்றும் மலையேற்ற நிறுவனம் குல்மார்க்கிலேயே இருக்கிறது. அதன் பயிற்சி வகுப்புகளுக்கு முன்கூட்டியே விண்ணப்பிக்க வேண்டும்.

அப்பாவுக்கு அறுபத்தெட்டு வயது, இரத்த அழுத்தம் உண்டு. கேபிள் காரில் உச்சிவரை கூட்டிப்போகலாமா?

கேபிள் காரில் இரண்டு கட்டங்கள். 1998-இல் திறந்த முதல் கட்டம் கொங்டூரிக்குப் போகிறது, உயரம் மூவாயிரம் மீட்டரைச் சற்றே தாண்டும். 2005-இல் திறந்த இரண்டாவது கட்டம் அஃபர்வாட் மலைத்தோளில், சுமார் 3,950 மீட்டரில் இறக்கிவிடும். அந்த உயரத்தில் மூச்சுக்குக் கிடைக்கும் ஆக்சிஜன் சென்னையில் கிடைப்பதில் ஏறக்குறைய ஐந்தில் மூன்று பங்கு. அதுவும் மெல்ல நடந்து ஏறாமல், பெட்டிக்குள் உட்கார்ந்து நிமிடக்கணக்கில் போய்ச் சேர்கிறோம். இதய நோயோ ஆஸ்துமாவோ உள்ளவர்களை முதல் கட்டத்தோடு நிறுத்துங்கள். இரத்த அழுத்தம் மருந்தில் கட்டுக்குள் இருந்தால் மருத்துவர் அனுமதியோடு போகலாம், வந்திறங்கிய அன்றே வேண்டாம். மேலே தலை வலித்தாலோ குமட்டினாலோ சமாளிக்கப் பார்க்காமல் அடுத்த பெட்டியில் இறங்கிவிடுங்கள்.

டிக்கெட்டைக் கேபிள் கார் கழகத்தின் இணையதளத்திலேயே முன்பதிவு செய்யுங்கள். நெரிசல் நாளில் நேரில் போய் வாங்கலாம் என்று நம்புவது வீண். காற்று பலமாக இருந்தால் இரண்டாம் கட்டத்தை நிறுத்திவிடுவார்கள், அதற்கு யாரையும் திட்டிப் பயனில்லை.

சாப்பாடு? நாங்கள் சைவம், பிள்ளைகளுக்குச் சோறு இல்லாமல் ஆகாது.

காஷ்மீரிகள் நம்மைப்போலவே சோறு உண்பவர்கள். ராஜ்மா, பருப்பு, 'ஹாக்' என்னும் கீரை, தாமரைத்தண்டில் செய்யும் 'நத்ரு' எல்லாம் சைவத்திலேயே கிடைக்கும். ரசத்துக்கும் தயிர்சாதத்துக்கும் ஏங்குகிறவர்கள் புளிக்காய்ச்சலும் பருப்புப்பொடியும் எடுத்துப்போகலாம். குங்குமப்பூவும் ஏலக்காயும் போட்ட காவா தேநீரைப் பிள்ளைகளும் குடிப்பார்கள். இளஞ்சிவப்பாக வரும் 'நூன் சாய்' உப்புத் தேநீர், பாதாம்பால் என்று எண்ணி வாய்நிறைய உறிஞ்சிவிடாதீர்கள்.

அறையில் ஹீட்டர் இருக்குமா?

முன்பதிவுக்கு முன் கேட்க வேண்டியவை: எந்த வகைச் சூடு, இரவு முழுவதுமா, மின்சாரம் போனால் ஜெனரேட்டர் உண்டா, வெந்நீர் எந்த நேரத்தில். மின்கம்பளம் இருந்தால் பெரியவர்கள் நன்றாகத் தூங்குவார்கள். விறகில் எரியும் 'புகாரி' அடுப்போ, கேஸ் ஹீட்டரோ இருந்தால் ஜன்னலில் ஒரு கீற்றுத் திறந்திருக்கட்டும், தூங்கப்போகும் முன் அணைத்துவிடுங்கள். காற்றுப் புகாத அறையில் கார்பன் மோனாக்சைடு சேர்ந்து, தூக்கத்திலேயே உயிர் போனவர்கள் காஷ்மீரில் உண்டு. குளிருக்குப் பயந்து நாம் முதலில் செய்வது எல்லா இடுக்குகளையும் துணியால் அடைப்பது, அதைச் செய்யாதீர்கள்.

இந்தி தெரியாது. போன் வேலை செய்யுமா?

பயிற்சியாளர்களும் விடுதிக்காரர்களும் ஆங்கிலத்தில் சமாளிப்பார்கள். போன்தான் சிக்கல்: வெளிமாநில ப்ரீபெய்ட் சிம் ஜம்மு காஷ்மீரில் இயங்காது. குடும்பத்தில் இரண்டு பேரிடமாவது போஸ்ட்பெய்ட் இணைப்பு இருக்கட்டும், சறுக்கும் குழுவில் ஒன்று, அறையில் ஒன்று. குளிரில் பேட்டரி சட்டென்று இறங்கும், உள்பைக்குள் வையுங்கள். பணப் பரிமாற்றச் செயலியை மட்டும் நம்பாமல் ரொக்கமும் எடுத்துப்போங்கள்.

வண்டியிலிருந்து இறங்கியதும் வழிகாட்டி, ஸ்லெட்ஜ், கோட்டு என்று சுற்றிவளைக்கிறார்களாமே?

ஆமாம். பனிக்காலம் சில வாரங்கள்தான், அதற்குள் ஆண்டு வருமானத்தின் பெரும்பகுதியைச் சம்பாதிக்க வேண்டியவர்கள் அவர்கள். கோபப்படாமல், வேண்டாம் என்றால் ஒரே முறை தெளிவாகச் சொல்லிவிட்டு நடங்கள். கேபிள் காரில் ஏற வழிகாட்டி கட்டாயம் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். பயிற்சியாளர் வேறு, அவருக்கு மறுக்காமல் கொடுங்கள். எத்தனை மணி நேரம், எத்தனை பேருக்கு, பலகை வாடகை சேர்த்தா என்பதைத் தொடங்கும் முன்பே பேசிவிடுங்கள். நல்லவர் கிடைத்தால் மூன்று நாளும் அவரையே வைத்துக்கொள்ளுங்கள், பிள்ளைக்கு அதுவே பாதிப் பாடம்.

காஷ்மீர் என்றாலே வீட்டில் பயப்படுகிறார்கள். பாதுகாப்பா?

அந்தப் பயத்தை அசட்டுத்தனம் என்று சொல்ல மாட்டேன். 2025 ஏப்ரல் 22 அன்று பஹல்காமுக்கு அருகே பைசரன் புல்வெளியில் 26 பேரைக் கொன்றார்கள். 2024 அக்டோபரில் குல்மார்க்குக்கு அப்பால் போட்டபத்ரி பகுதியில் இராணுவ வாகனம் தாக்கப்பட்டது. பஹல்காமுக்குப் பின் பல சுற்றுலா இடங்களை மூடி, படிப்படியாகத் திறந்தார்கள்.

குல்மார்க் ஊருக்குள் இராணுவம் எப்போதும் உண்டு, இராணுவத்தின் உயர்மலைப் போர்ப் பயிற்சிப் பள்ளியே அங்குதான் இருக்கிறது. நான் சொல்வது இவ்வளவுதான்: ரத்து செய்தால் பணம் திரும்பும் முன்பதிவாகப் பாருங்கள், கிளம்பும் வாரத்தில் நிர்வாகத்தின் அறிவிப்பைப் படியுங்கள், எல்லோரும் அடையாள அட்டை வைத்திருங்கள், ஊரைத் தாண்டி எல்லைக்கோட்டுப் பக்கம் வேடிக்கை பார்க்கப் போகாதீர்கள். வீட்டில் ஒருவருக்கு உறக்கமே வராத அளவுக்குப் பயம் என்றால் அவரை வற்புறுத்திக் கூட்டிப்போவதில் அர்த்தமில்லை.

அப்படியானால் ஔலியோ மணாலியோ போகலாமா?

ஔலியின் சரிவுகள் அழகானவை, புதியவர்களுக்கும் ஏற்றவை. ஆனால் டேராடூனிலிருந்து ஒரு முழு நாள் மலைச்சாலை. 2023 ஜனவரியில் ஜோஷிமட்டில் நிலம் புதையத் தொடங்கியபோது, அங்கிருந்து ஔலிக்குப் போகும் ரோப்வேயும் நின்றது. வாந்தி எடுக்கும் பிள்ளைகள் இருந்தால் அந்தச் சாலை பெரும்பாடு. மணாலிக்கு அருகே சோலாங்கிலும், 2020-இல் திறந்த அடல் சுரங்கப்பாதையைத் தாண்டி சிசுவிலும் பனி விளையாட்டு உண்டு. பனியைத் தொட்டுப் பார்த்தால் போதும் என்பவர்களுக்கு அது போதும். பிள்ளை உண்மையாகவே சறுக்கக் கற்க வேண்டும் என்றால் குல்மார்க்.

மகன் துபாயில் உள்ளரங்குப் பனியில் பழகியிருக்கிறான். அஃபர்வாட்டிலிருந்து நேரே இறங்குகிறேன் என்கிறான். விடலாமா?

துபாயின் 'மால் ஆஃப் தி எமிரேட்ஸ்' வளாகத்தில் இருக்கும் நீளமான சரிவு சுமார் 400 மீட்டர். எங்கும் சமப்படுத்திய பனி, மேலே கூரை. அங்கே பழகியவனுக்கு குல்மார்க்கின் தொடக்கச் சரிவில் முதல் நாள் மிச்சமாகும், அதில் சந்தேகமில்லை. அஃபர்வாட் வேறு விஷயம். உலகெங்கிலுமிருந்து தேர்ந்த சறுக்குவீரர்கள் அதற்காகவே வருகிறார்கள், ஏனென்றால் அது யாரும் தட்டிச் சமப்படுத்தாத, இடுப்பளவு புதையும் பனி. அங்கே பனிச்சரிவு அபாயம் உண்மையானது. 2023 பிப்ரவரியில் போலந்துக்காரர்கள் இருவரும், மறு ஆண்டு அதே மாதத்தில் ரஷ்யர் ஒருவரும் பனிச்சரிவில் சிக்கி இறந்தார்கள். பனியடியில் இருப்பவரைக் கண்டுபிடிக்கும் சமிக்ஞைக் கருவி, மண்வாரி, நீண்ட துழாவுகோல், இவற்றைக் கையாளத் தெரிந்த உள்ளூர் வழிகாட்டி, அன்றைய அபாய அறிவிப்பு இத்தனையும் இல்லாமல் யாரும் அங்கே இறங்கக் கூடாது. மகனை கொங்டூரிச் சரிவுகளில் சறுக்கச் சொல்லுங்கள். அங்கே பயிற்சியாளர் 'சரி' என்று சொல்லும் வரை மேலே போக வேண்டாம்.

எலும்பு முறிந்தால்? காப்பீடு இருக்கிறதே?

பாலிசியை எடுத்துப் படியுங்கள். பல பயணக் காப்பீடுகள் பனிச்சறுக்கைச் சாகச விளையாட்டு என்று விலக்கிவைக்கின்றன. கூடுதல் தொகை கட்டினால்தான் சேர்ப்பார்கள். குல்மார்க்கில் முதலுதவியும் தங்மார்க்கில் அரசு மருத்துவமனையும் உண்டு. எலும்பு முறிவென்றால் ஸ்ரீநகர் பர்சுல்லாவில் உள்ள அரசு எலும்பு மூட்டு மருத்துவமனைக்குத்தான் அனுப்புவார்கள். தலைக்கவசத்தை வாடகைக்குக் கேட்டு வாங்குங்கள், கேட்காவிட்டால் பல கடைகளில் தருவதில்லை.

திரும்பும் நாளில் விமானம் ரத்தானால் என்ன செய்வது?

பனி பொழிந்தால் ஸ்ரீநகர் ஓடுபாதை மூடப்படும். குல்மார்க் சாலை அதற்கு முன்பே அடைபட்டிருக்கும். ஆகவேதான் கடைசி இரவு ஸ்ரீநகரில் இருக்கச் சொன்னேன். விமான நிலையத்தில் வாசலுக்கு வெகுமுன்பே பெட்டிகளை இறக்கிச் சோதிப்பார்கள், உள்ளே மறுபடியும் சோதனைகள்; மூன்று மணி நேரம் முன்னதாகப் போங்கள். ரத்தானால் வரிசையில் நிற்கும்போதே இன்னொருவர் செயலியில் மாற்று விமானத்தைத் தேடட்டும். டெல்லி–சென்னை டிக்கெட்டைத் தனியாக எடுத்திருந்தால் அந்தப் பணம் போய்விடும், ஒரே முன்பதிவாக எடுத்தால் முழுப் பொறுப்பும் நிறுவனத்துடையது. பெரியவர்களின் மாத்திரைகளை மூன்று நாளுக்குக் கூடுதலாக, கைப்பையில் வையுங்கள். அலுவலகத்தில் விடுப்பு கேட்கும்போதும் அந்த மூன்று நாளில் ஒன்றையாவது சேர்த்தே கேளுங்கள்.